இறால் ஒத்துக்காதவங்க கான்ட்ராஸ்ட் போட்டு சிடி ஸ்கேன் எடுக்கலாமா? அயோடின் உப்பையும் நிறுத்தணுமா?

உங்களுக்கு இறால் சாப்ட்டு உடம்பு தடிச்சிருக்கும், யாராவது அது அயோடின் அலர்ஜின்னு சொல்லியிருப்பாங்க, இப்ப கான்ட்ராஸ்ட்ல, அதான் ஸ்கேன்ல உள்ளுறுப்பு தெளிவாத் தெரிய ஊசியில ஏத்துற மருந்துல, அயோடின் இருக்குன்னதும் பயந்துட்டீங்க. எங்க அம்மாவுக்கும் இதேதான், அதான் கேள்வியப் பாத்ததும் உக்காந்து எழுதுதேன். நான் டாக்டர் இல்ல, உங்க டாக்டரைக் கேக்காம எதுவும் செய்யாதீங்க, நீ யாரு சொல்லன்னு பொறவு யாரும் வராதீங்க.

அயோடினுக்கே அலர்ஜிங்கிறது கிடையாது. தைராய்டு ஹார்மோன் உருவாகுறதே அயோடினை வச்சுதான், பெரியவங்களுக்கு தினம் 150 மைக்ரோகிராம் வேணும். இறால், நண்டு ஒத்துக்காம போறதுக்குப் பெரும்பாலும் காரணம் அதோட சதையில இருக்கிற ட்ரோபோமயோசின்ங்கிற புரதம். கான்ட்ராஸ்ட் மருந்துல அது இல்ல.

அம்மா கல்யாணமான புதுசுல உவரியில சொந்தக்காரங்க வீட்ல இறால் தின்னு உதடு, கண்ணெல்லாம் வீங்கிட்டு. பல வருசம் கழிச்சு பாளையங்கோட்டையில ஒரு சின்ன ஆபரேசன், அப்ப கிருமி சாக வயித்துல தடவுன போவிடோன் அயோடின்ங்கிற செம்பழுப்பு மருந்து பிளாஸ்திரிக்கு அடியில ஈரமாவே நின்னு தோலு வெந்து கொப்புளம் போட்டுட்டு. அது அந்த மருந்து காயாம தங்கினா யாருக்கும் வரக்கூடிய புண்ணு. ஆனா ரெண்டையும் சேத்து பைல்ல செவப்பு மையில "அயோடின் அலர்ஜி"ன்னு எழுதிட்டாங்க, ரெண்டே வார்த்தை, அதுதான் அம்மாவப் பாடாப் படுத்திட்டு.

போன வருசம் வயித்துவலின்னு துடிச்சப்ப சிடி எழுதிக் குடுத்தாங்க, ஸ்கேன் எடுக்கிற இடத்துல பைலைப் பாத்ததும் எங்களால முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வேற இடத்துல கான்ட்ராஸ்ட் இல்லாம எடுத்தாங்க, சரியாத் தெரியலன்னு ரிப்போர்ட் வந்துச்சு. அம்மா ராத்திரி பூரா காய்ச்சலோட வயித்தப் புடிச்சிக்கிட்டு கெடந்தா. இதுக்கு நடுவுல பெரியம்மா போன் போட்டு, "ஏளா, பாக்கெட் உப்பை நிறுத்திட்டு தூத்துக்குடி கல்லுப்பு போடுளா"ங்காங்க. கடல் உப்புல இயற்கையா அயோடின் ரொம்பக் கொஞ்சம்தான், அதனாலதான் தனியா சேக்காங்க, கடைக்கு வர்ற அயோடின் உப்புல குறைஞ்சது 15 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடின் இருக்கணும்னு விதியே இருக்கு. இறால் ஒத்துக்கலைன்னு அந்த உப்பை நிறுத்தாதீங்க, கர்ப்பமா இருக்கிற பொம்பளைங்க வீட்ல இருந்தா கண்டிப்பா நிறுத்தாதீங்க, வயித்துப் பிள்ளையோட மூளை வளர்ச்சிக்கு அது வேணும்.

   

கடைசியில ஒரு லேடி டாக்டர் பைலை மூடி வச்சுட்டு அம்மாகிட்டயே கேட்டாங்க, "என்ன சாப்ட்டீங்கம்மா? சாப்ட்டு எம்புட்டு நேரத்துல வீங்குச்சு? மூச்சு முட்டுச்சா? இதுக்கு முன்ன கான்ட்ராஸ்ட் ஊசி போட்டிருக்கீங்களா?" அம்மா போட்டதே இல்லன்னதும் அன்னைக்கே கான்ட்ராஸ்ட் போட்டு எடுத்தாங்க. ஊசி ஏறும்போது உடம்பு சூடாகும், வாயில இரும்பு ருசி வரும்னு முன்கூட்டியே சொன்னாங்க, அப்படித்தான் இருந்துச்சாம், வேற ஒண்ணும் ஆகல. குடல்வால் பக்கத்துல சீழ் கட்டியிருந்துச்சு. இன்னும் தள்ளிப்போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் ஆத்திரம் வருது.

அதுக்காக கான்ட்ராஸ்ட்டுக்கு அலர்ஜியே வராதுன்னு நான் சொல்லல. வரும், அபூர்வமா மோசமாவும் வரும். முன்ன கான்ட்ராஸ்ட் போட்டு தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தா அதுதான் பெரிய விஷயம், மருந்தை மாத்துறது, முன்னாடியே ஸ்டீராய்டு குடுக்கிறதுன்னு அவங்க பாத்துக்குவாங்க. ஆஸ்துமா, இறால் அலர்ஜி எதையும் மறைக்காதீங்க, ஆனா இறாலுக்காக மட்டும் ஸ்கேன் வேண்டாம்னு யாராவது சொன்னா ஏன்னு கேளுங்க. சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்ட்டா, கிட்னி கோளாறு, தைராய்டு கூடுதலா சுரக்கிறது இருந்தா அதையும் சொல்லணும், அது அலர்ஜி கணக்குல வராது, ஆனா அவங்களுக்குத் தெரியணும்.

அம்மா பைல்ல இப்ப "இறால் – உதடு வீக்கம், போவிடோன் அயோடின் – தோல் கொப்புளம், கான்ட்ராஸ்ட் – ஒண்ணும் ஆகல"ன்னு தனித்தனியா எழுதி வாங்கி வச்சிருக்கோம். நீங்களும் அப்படியே எழுதி வாங்குங்க, எந்தக் கான்ட்ராஸ்ட்னு மருந்துப் பேரோட. ஸ்கேன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பொறவு, சில நாள் கழிச்சுக்கூட தடிப்பு வரலாம், வந்தா அதையும் டாக்டர்கிட்ட காட்டி அதுலயே எழுதச் சொல்லுங்க.