எந்தப் பாட்டை முதலில் கொடுப்பது?

அன்புள்ள ஐயா,

இரண்டு வருடங்களாக ஸ்கா, ரெகே, டப் என்று ஜமைக்கா இசையைத் தேடித் தேடிக் கேட்கிறேன். புதிதாக ஒன்று கிடைத்துவிட்டால் இரவு தூக்கம் வராது. விடிந்ததும் நண்பர்களுக்கு அனுப்பிவிடுவேன். போன மாதம் ஒரே நாளில் நாற்பது பாடல்கள் அனுப்பினேன். பதிலே இல்லை. ஒரு நண்பர் மட்டும் "எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே" என்றார். மனம் விட்டுப்போயிற்று. இனிமேல் கிடைப்பதை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமா? எல்லோரும் கேட்க ஆரம்பித்தால் அது என்னுடையதாக இருக்காதே என்ற எண்ணமும் உள்ளே இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களை அதிகம் உறுத்துவது அதுதான் என்று தோன்றுகிறது.

மறைத்து வைக்கும் ஆசை இந்த இசைக்குப் புதிதல்ல. 1950களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் சவுண்ட் சிஸ்டம்காரர்கள் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் திறந்தவெளியில் அடுக்கி, அமெரிக்க இசைத்தட்டுகளைப் போடுவார்கள். வேறு எவரிடமும் இல்லாத தட்டு யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் கூட்டம் சேரும். அதனால் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அவர்களில் ஒருவரான காக்ஸன் டாட் தன் அடையாளமாக ஒலிக்கவிட்ட பாட்டுக்கு 'காக்ஸன் ஹாப்' என்று தானே பெயர் வைத்திருந்தார். உண்மையில் அது வில்லிஸ் ஜாக்ஸன் என்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞரின் தட்டு. போட்டியாளர் டியூக் ரீட் அதைக் கண்டுபிடித்துத் தன் கூட்டத்திலும் போட்டுவிட்டார்.

ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் மறைத்தது பெயரைத்தான். பாட்டைத் தெரு முழுவதும் கேட்கும்படிதான் போட்டார்கள். நீங்கள் பாட்டையே பூட்டி வைக்கப் பார்க்கிறீர்கள். வேண்டாம்.

அதே கிங்ஸ்டனில் ஆல்ஃபா ஆண்கள் பள்ளி இருந்தது. ஆதரவற்ற சிறுவர்களுக்காகக் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் நடத்தியது. அங்கே இருந்த சகோதரி மேரி இக்னேஷியஸ் இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்துப் பையன்களுக்குப் போட்டுக்காட்டுவார். 1964இல் ஸ்காவின் முதன்மைக் குழுவான ஸ்கேட்டலைட்ஸ் உருவானபோது அதில் நால்வர் அந்தப் பள்ளியில் படித்தவர்கள்: டாமி மெக்குக், டான் டிரம்மண்ட், லெஸ்டர் ஸ்டெர்லிங், ஜானி மூர். எனக்குக் காக்ஸன் டாட் மீது மரியாதை உண்டு. ஆனால் பகிர்வதில் என் குரு அந்தச் சகோதரிதான்.

ஆல்ஃபாவில் டான் டிரம்மண்டிடம் டிராம்போன் என்ற ஊதுகருவியைக் கற்ற இன்னொரு பையன் ரிகோ ரோட்ரிகஸ். பிறகு இங்கிலாந்துக்குப் போனார். அங்கே 1967இல் டாண்டி லிவிங்ஸ்டன் பாடிய 'ரூடி, எ மெசேஜ் டு யூ' பாட்டில் டிராம்போன் வாசித்தார். 1979இல் கவென்ட்ரி நகரத்து இளைஞர்களான தி ஸ்பெஷல்ஸ் குழுவினர் அதே பாட்டைப் புதிதாக எடுத்தபோதும் வாசித்தவர் ரிகோவே. பன்னிரண்டு வருட இடைவெளியில் ஒரே மனிதரின் மூச்சு. இதை அறிந்த பிறகு இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப்பாருங்கள், உடல் சிலிர்க்கும். நண்பருக்கு அனுப்பும்போதும் வாசித்தவரின் பெயரைச் சேர்த்து எழுதுங்கள். பெயர் தெரிந்தால் காது அவரைத் தேடத் தொடங்கிவிடும்.

இனி அந்த நாற்பது பாடல்கள். பந்தியில் உட்கார்ந்தவர் இலையில் நாற்பது பதார்த்தங்களையும் ஒரே நேரத்தில் கொட்டினால் அவர் எதைச் சாப்பிடுவார்? நான் இரண்டுதான் கொடுப்பேன்: ஒரு பாட்டு, அதன் டப் வடிவம். டப் என்றால் அதே பதிவில் குரலையும் கருவிகளையும் வெட்டி, எதிரொலி சேர்த்து மாற்றியது.

முதன்முதலாகக் கேட்பவருக்கு நான் கொடுப்பது ஜேக்கப் மில்லர் பாடிய 'பேபி ஐ லவ் யூ ஸோ'. இங்கிலாந்தில் 1975இல் வந்த தட்டில் மறுபக்கம் இருந்த டப் வடிவம்தான் மூலப்பாட்டைவிடப் பெரும் பேர் வாங்கியது. தயாரித்தவர் அகஸ்டஸ் பாப்லோ. டப் செய்தவர் கிங் டப்பி. வானொலிப் பெட்டிகளும் ஆம்ப்ளிஃபயர்களும் பழுதுபார்த்த கை அவருடையது. குரல், கிடார், அடித்தொனி தரும் பேஸ், டிரம்ஸ் எல்லாவற்றையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் மிக்ஸர் அவர் முன்னால் இருக்கிறது. ஜேக்கப் மில்லர் இரண்டு சொல் பாடுவார், டப்பி குரலை வெட்டிவிடுவார். அந்தச் சொல் எதிரொலித்து எதிரொலித்துத் தூரத்தில் கரையும். கிடார் வரும், போகும். எது போனாலும் அடியில் பேஸும் டிரம்ஸும் வீட்டுத் தூண் மாதிரி நிற்கும்.

உங்கள் நண்பருக்கு எல்லாம் ஒரே மாதிரி கேட்டதற்குக் காரணம் கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியாக இருக்கலாம். இந்த இசையின் பாதி பேஸில் இருக்கிறது. சின்ன ஒலிபெருக்கியில் பேஸ் கேட்கவே கேட்காது. நானும் பல மாதங்கள் அப்படித்தான் கேட்டு, டப்பில் ஒன்றுமில்லை என்று ஒதுக்கியிருந்தேன். ஒருநாள் ஒரு நண்பர் வீட்டில் பெரிய ஸ்பீக்கரில் கேட்டேன். மேசைமேல் பாதி காபியோடு இருந்த எவர்சில்வர் டம்ளர் மெல்ல அதிர்ந்தது. காபியின் மேல் வளையம் வளையமாக அலை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்ததும் மறுபடியும் போடச் சொன்னேன்.

ஸ்காவுக்கு வேறு வழி. கையால் தாளம் போட்டுக்கொண்டே கேட்கச் சொல்லுங்கள். கிடாரின் வெட்டு கை தட்டும் இடத்தில் விழாமல் இரண்டு தட்டல்களுக்கு நடுவே விழும். அரை இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனைகளுக்குப் பழகிய கை அதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

பழையதாகவே சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். லண்டன் பாடகி ஹாலி குக்கின் முதல் தொகுப்பு 2011இல் வந்தது. அதைத் தயாரித்த பிரின்ஸ் ஃபாட்டி, மறு வருடமே அந்தப் பாடல்களை டப் தொகுப்பாகவும் வெளியிட்டார். இனிமையான குரல். முதலில் பாடிய வடிவம், பிறகு டப், அந்த வரிசையில் கேளுங்கள்.

"எல்லாம் ஒரே மாதிரி" என்றாரே, அந்த நண்பர் ஒன்றிரண்டையாவது கேட்டிருக்கிறார். கேட்காதவரால் அப்படிச் சொல்ல முடியாது. அவரை வீட்டுக்கு அழையுங்கள். நல்ல ஸ்பீக்கர் ஒன்றை இரவல் வாங்கி வையுங்கள். ஜேக்கப் மில்லரின் இரண்டு பக்கங்களை மட்டும் போடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.