மாவு வேண்டாம், குருணை போதும்

கேள்வி: சிங்கப்பூர் செம்பவாங்கில் தரைவீடு. தோட்டத்தில் 6 கோழிக்குஞ்சுகள் வளர்க்கிறேன், 7 வாரமாகிறது. சுலபமாகச் செரிக்கட்டும் என்று மக்காச்சோளத்தையும் அரிசியையும் மிக்சியில் நைசாக அரைத்து வைக்கிறேன். ஆனாலும் சரியாக வளரவில்லை, எச்சமும் தண்ணீராகப் போகிறது. அண்ணே, எங்கே தப்பு?
— வாசகி, செம்பவாங்

பதில்: தங்கச்சி, முதலில் மிக்சியை எடுத்து உள்ளே வையுங்கள். கோழிக்கு அரைக்கும் வேலையை அதன் வயிற்றிலுள்ள தசைப்பையான அரைவைப்பை பார்த்துக்கொள்ளும். தானியத்தைப் பிசைந்து, அமிலத்தோடு கலந்து, நன்றாகப் பொடிந்த பிறகுதான் அது குடலுக்கு விடும். மாவாகவே போய்ச் சேர்ந்தால் நிறுத்தி வைக்க அங்கே ஒன்றுமில்லை. பாதி செரித்தும் செரிக்காமலும் குடலுக்கு இறங்கிவிடும். வேலையில்லாத தசையும் இளைத்துப் போகும்.

ஜோகூரில் ஒரு தீவன ஆலையில் 26 ஆண்டுகள் இருந்தேன். ஒருமுறை அரைக்கும் எந்திரத்தில் பொடித்துளைச் சல்லடையை மாற்றிப் போட்டுவிட்டோம், யாரும் கவனிக்கவில்லை. சில வாரம் கழித்து ஒரு பண்ணைக்காரர் வந்து, தன் பண்ணைக் கோழியின் அரைவைப்பையையும் வீட்டு நாட்டுக்கோழியினுடையதையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பண்ணைக் கோழியுடையது சின்னதாக, ஈரத்துணி மாதிரித் துவண்டு கிடந்தது. மற்றது கட்டைவிரலால் அழுத்தினாலும் அமுங்கவில்லை. வெட்டினால் உள்ளே சொரசொரப்பான மஞ்சள் தோல், நாலைந்து பொடிக்கல். அந்த மேசையை நான் மறக்கவே இல்லை.

ஆனால் வளர்ச்சி குன்றியதற்கு அரைத்தது மட்டும் காரணமில்லை. மக்காச்சோளத்திலும் அரிசியிலும் புரதம் 100க்கு 7, 8 பங்குதான். இந்த வயதில் குஞ்சுக்கு 16 முதல் 18 பங்கு வேண்டும். எனவே கடையில் விற்கும் வளர்கோழிக் குருணைத் தீவனத்துக்கு மாறுங்கள். நீராவியில் வேகவைத்து, அழுத்தி, உடைத்தது அது. கொத்தும் ஒவ்வொரு வாயிலும் புரதமும் தாது உப்பும் சேர்ந்தே போகும். வீட்டில் கலந்தால் கோழி பெரிய மணியைப் பொறுக்கித் தின்றுவிட்டு, சத்துப்பொடியைத் தட்டின் அடியிலேயே விட்டுவிடும்.

தொழிற்சாலைக் குருணைக்குள்ளும் தானியம் பொடியாகத்தான் இருக்கும். அதனால் பத்தில் ஒரு பங்கு உடைத்த மக்காச்சோளம் சேருங்கள். ரவையைவிடப் பெரிதாக, அரிசி நொய் அளவுக்கு இருக்கட்டும். பத்தில் ஒரு பங்குக்குமேல் போனால் புரதம் குறைந்துவிடும். சிமெண்டுத் தரையில் வளர்ப்பதானால், அரைவைப்பை அரைப்பதற்கு உதவியாகக் கழுவிய கருங்கல் பொடிக்கல்லைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். கிளிஞ்சல் இப்போது வேண்டாம். முட்டையிடாத கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து அதிகமானால் சிறுநீரகம் கெடும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் நனைந்த தீவனம் சீக்கிரம் புளித்துவிடும். மிச்சத்தை அன்றன்றே கொட்டிவிடுங்கள். மாற்றி ஒரு வாரத்திலும் எச்சம் கெட்டியாகவில்லை என்றாலோ, அதில் ரத்தம் தெரிந்தாலோ, அது தீவனக் கோளாறு இல்லை. உடனே கால்நடை மருத்துவரிடம் எச்சத்தைக் காட்டுங்கள்.