மிஞ்சிய ஹார்டனரை மணலில் புதைக்கலாமா?

கேள்வி: பாம்பனில் ஃபைபர் வள்ளங்களைப் பழுதுபார்க்கும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். மிஞ்சிய ரெசின், பழைய ஹார்டனர், கோபால்ட், பிரஷ் கழுவிய அசிட்டோன் ஆகியவற்றை ஒரே கேனில் சேர்த்து, பின்புற மணலில் புதைத்துவிடலாமா?

பதில்: கூடாது. புதைப்பதைவிட, ஒரே கேனில் சேர்ப்பதுதான் உடனடி ஆபத்து. ஹார்டனர் என்று நாம் சொல்வது, ரெசின் என்னும் திரவப் பிசினை இறுகவைக்கும் மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு. ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும் ஊதா நிறக் கோபால்ட் அதனுடன் நேரடியாகச் சேர்ந்தால், ஹார்டனர் கட்டுக்கடங்காமல் சிதைந்து தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ரெசினில் கோபால்ட்டை நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்டனரை ஊற்றுவது இதனால்தான். எந்தப் பட்டறைக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது அளவு மூடியை: ஹார்டனர் அளக்கும் மூடியின் அடியில் ஊதாக் கறை தெரிந்தால், அன்று வேறு எதையும் பேசுவதில்லை. இரண்டுக்கும் தனித்தனி மூடி, தனித்தனி அலமாரி வேண்டும். அசிட்டோனையும் ஹார்டனருடன் சேர்க்கக் கூடாது.

மிஞ்சிய ரெசினை அகலமான தகரத் தட்டில் மெல்லிய படலமாக ஊற்றி, வழக்கமான அளவு ஹார்டனர் கலந்து, திறந்த வெளியில் இறுகவிடுங்கள். வாளியில் மொத்தமாக இறுகவிட்டால் உள்ளே சூடேறிப் புகையும். இறுகிய துண்டுகளைக் கடற்கரையில் போட்டு எரிக்காதீர்கள். அந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு.

பழைய ஹார்டனர் அது வந்த பிளாஸ்டிக் கேனிலேயே, காற்றுப் போக்கியுள்ள அதே மூடியுடன், தகரக் கூரையின் வெக்கை படாத நிழலில் இருக்கட்டும். தண்ணீர் பாட்டிலில் மாற்றவே கூடாது; பார்வைக்கு அதுவும் தண்ணீர்தான். சிந்தினால் மரத்தூள் போடாமல் ஈரமணலால் மூடி அள்ளுங்கள். துடைத்த துணி தானாகவே தீப்பற்றக்கூடும் என்பதால் தண்ணீரில் நனைத்துத் தனியாக வையுங்கள்.

அசிட்டோன் பூஜ்யத்துக்குக் கீழான வெப்பநிலையிலும் தீப்பற்றும் ஆவியை விடுவது. மூடிய தகர டின்னில் சேமித்து, வண்டல் படிந்ததும் மேல்தெளிவை மறுபடியும் பிரஷ் கழுவப் பயன்படுத்தலாம். மணலில் ஊற்றினால் அது தண்ணீரோடு கலந்து கீழே இறங்கிவிடும். இராமேசுவரம் தீவில் நல்ல தண்ணீர் மணலுக்குள் சில அடி ஆழத்திலேயே ஊறுவதை நீங்கள் அறிவீர்கள். அக்கம்பக்கத்தார் குடம் நிரப்பும் ஊற்று அதுதான். எட்டிப் பார்க்கும் தூரத்தில் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் சில இருக்கின்றன.

மீதமாகும் வண்டலையும் காலாவதியான ஹார்டனரையும், 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி, பொதுவாக 90 நாட்களுக்கு மேல் வைத்திருக்காமல் அனுமதி பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். யாரிடம் ஒப்படைப்பது என்பதை மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். திறக்காத கேன்களைத் திரும்பப் பெறுவார்களா என்று வாங்கிய கடையிலும் விசாரியுங்கள். அடுத்த முறை, ஒரு மாத வேலைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகக்கூடும். கலக்குபவருக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கொடுத்து, பக்கத்திலேயே நல்ல தண்ணீர்க் குடமும் குவளையும் வையுங்கள். பட்டால் தேய்க்காமல், இமையைத் திறந்துபிடித்துக் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். கேனில் ஒட்டியிருக்கும் லேபிளின் விவரத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.