துறைகளின் பணத்தை மாநில அரசு பொது நிதிக்கு மாற்றலாமா?

தொழில் உரிமத்துக்காக நீங்கள் கட்டிய கட்டணம் மாநிலத்தின் பொது நிதிக்குப் போனது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க மாநிலங்களில் இது பழைய வழக்கம். வெர்மான்ட் தவிர ஏனைய மாநிலங்கள் ஏதாவதொரு வகையில் வரவு செலவைச் சமன் செய்தே ஆக வேண்டும். வரி வருவாய் சரிந்த ஆண்டில், துறைகளின் தனி நிதிகளில் தேங்கிய மீதத்தின்மீது சட்டமன்றத்தின் கண் விழுகிறது. ஒரு சட்டம் உருவாக்கிய நிதியை இன்னொரு சட்டத்தால் பொதுவாகத் திருப்பிவிடலாம். ஆனால் மாநில அரசியலமைப்பே பூட்டிவைத்த நிதியை, பல மாநிலங்களில் எரிபொருள் வரியைப் போல, அவ்வளவு எளிதில் தொட முடியாது.

கட்டணம் என்று வாங்கி வரிபோலச் செலவழிப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 911 அவசர அழைப்புக் கட்டணம்கூடத் தப்பவில்லை! அப்படித் திருப்பிய மாநிலங்களைப் பற்றி, 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் ஆண்டுதோறும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அறிக்கை தருகிறது.