மளிகைச் செலவு: கேட்டவர்களுக்கு என் பதில்

மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். சமையல் குறிப்பு என்னிடம் கேட்காதீர்கள். வாங்குவது, வைப்பது, வீணாக்காமல் இருப்பது பற்றிக் கேளுங்கள்.

அக்கா, நாலு பேர் குடும்பம். இருபதாம் தேதிக்குள் மளிகைப் பணம் தீர்ந்துவிடுகிறது. எங்கே ஆரம்பிப்பது? (மதுரை)

ரேஷன் கடையில் ஆரம்பிங்க தங்கச்சி. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25, அரிசி இலவசம். 'இந்த மாசம் பருப்பு வரலை' என்றால் அதோடு விட்டுவிடாமல் இன்னொரு நாள் போய்க் கேளுங்கள்.

அப்புறம் மளிகைச் சீட்டு. போன மாதச் சீட்டைப் பார்த்து இந்த மாதச் சீட்டை எழுதுவதுதான் பாதி வீடுகளில் நடக்கும் தவறு. டப்பாக்களைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். கடுகு கால் கிலோ கிடக்கும், மேலே இன்னொரு நூறு கிராம் வாங்குவோம். கடைசியில் பழையது அடியிலேயே கிடந்து வீணாகும்.

மூன்றாவது எண்ணெய். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் என்றால் ஏறக்குறைய 910 கிராம். பக்கத்திலேயே அதே உயரத்தில் 800 கிராம் பாக்கெட்டும் நிற்கும். 910 கிராம் 160 ரூபாய், 800 கிராம் 145 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கை 145க்குத்தான் போகும். நூறு கிராம் கணக்குப் போட்டால் முதலாவது 17 ரூபாய் 60 காசு, இரண்டாவது 18 ரூபாய்க்கு மேல். விலையை அப்புறம் பாருங்கள், முதலில் கிராமைப் பாருங்கள்.

மொத்தமாக வாங்கி வைத்தால் லாபம்தானே? (கரூர்)

எதை என்பதைப் பொறுத்தது. புளியும் வற்றல் மிளகாயும் மாசி, பங்குனியில் புதுசாக வரும். வருஷத்துக்கும் அப்போதே வாங்கலாம். புளியைக் கொட்டை எடுத்து, ஒரு வெயில் காட்டி, கல் உப்பு தூவி மண்பானையில் அடைத்துவிடுங்கள். ரவை, மைதா, கடலை மாவு மட்டும் மாதத்துக்கு மேல் வேண்டாம். தள்ளுபடி என்று ஐந்து கிலோ ரவை வாங்கினால் இரண்டு கிலோ வண்டுக்குத்தான்.

எதைக் காயவைத்தாலும் ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

ரேஷன் அரிசியைக் கழுவினால் சில அரிசி மிதக்கிறது. பிளாஸ்டிக் அரிசியா? (விழுப்புரம்)

இல்லை. அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவத்தில் பிழிந்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்று கலந்தது. அதைப் பொறுக்கி எறிவது சத்தைப் பொறுக்கி எறிவது.

துவரம்பருப்பில் வண்டு. என்ன செய்வது? (தஞ்சாவூர்)

கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டுக் கையால் பிசறி, வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு அடையுங்கள்.

விளக்கெண்ணெயா? வயிறு கலக்காதா அம்மா? (சேலம்)

ஒரு டீஸ்பூன் 5 மில்லி. அது ஒரு கிலோவுக்கு. ஒரு வேளை சாம்பாருக்கு நூறு கிராம் போட்டால் அரை மில்லி. கழுவும்போது அதிலும் கொஞ்சம் போய்விடும். பேதிக்குக் கொடுப்பதோ மூன்று நாலு டீஸ்பூன். எண்ணெய்ப் பூச்சு இருந்தால் வண்டு வைத்த முட்டை பொரியாது, அவ்வளவுதான் சூட்சுமம்.

செம்மண் கட்டி வைப்பதுதான் சரியான முறை. எண்ணெய் எல்லாம் பட்டணத்துப் பழக்கம். (கோவில்பட்டி)

ஐயா, செம்மண் கட்டுவது தோலோடு இருக்கும் முழுத் துவரைக்கு. கரைத்த மண்ணில் புரட்டிக் காயவைத்தால் தோல் கழன்று உடைக்க வசதி. இவர்கள் கேட்பது கடையில் வாங்கிய உடைத்த பருப்பு. அதில் மண்ணைப் பூசினால் மண்சாம்பார்தான்.

என் மாமியார் விளக்கெண்ணெய் தடவிய பருப்பைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. (மறுபடியும் சேலம்)

தம்பி, டீஸ்பூனால் விட்டீர்களா, குழம்புக் கரண்டியாலா?

கரண்டிதான். ஆனால் சின்னக் கரண்டி. (சேலம்)

சரி. இதோடு விளக்கெண்ணெய்ப் பேச்சு முடிந்தது.

எனக்கு அந்த வாடை பிடிக்காது. வேறு வழி? (நாகர்கோவில்)

அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லையே! வெறும் வெயில் போதும், மாதம் ஒரு முறை. வற்றல் மிளகாய் நாலு, வசம்புத் துண்டு ஒன்று துணியில் முடிந்து போடுங்கள். ஆறிய பிறகு.

ரேஷன் அரிசியில் மிதப்பது பிளாஸ்டிக்தானே? (ஓசூர்)

விழுப்புரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சர்க்கரை நோய்க்கு எந்த அரிசி நல்லது?

டாக்டரிடம் கேளுங்கள்.

அண்ணாச்சி கடையில் கணக்கு நோட்டு வைத்து வாங்குகிறோம். சூப்பர் மார்க்கெட்டுக்கு மாறலாமா? (தூத்துக்குடி)

நோட்டில் வாங்கும்போது விலை கேட்கக் கூச்சமாக இருக்கும், அதுதான் நஷ்டம். ஆனால் ஐம்பது கிராம் மிளகு கேட்டால் நிறுத்துக் கொடுப்பவர் அவர்தான். சூப்பர் மார்க்கெட்டில் கையில் கூடையோடு உள்ளே போனால் சீட்டில் இல்லாத பிஸ்கட்டும் பில்லில் ஏறும். அண்ணாச்சியிடமே இருங்கள். நோட்டில் ஒவ்வொரு வரியிலும் எடையும் விலையும் எழுதச் சொல்லுங்கள், ஒரு நகல் உங்களிடமும் இருக்கட்டும்.

சின்ன வெங்காயம் ஒரு வாரத்தில் அழுகுகிறது. (திண்டுக்கல்)

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறீர்களே! பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துக் காற்றோட்டமாகப் பரப்புங்கள், உருளைக்கிழங்கைத் தள்ளி வையுங்கள். ஈர வெங்காயம் மலிவாகக் கிடைத்தால் கால் கிலோவுக்கு மேல் வேண்டாம்.

ரவையில் வண்டு...

வறுத்து, ஆறவிட்டு, மூடுங்கள். பிளாஸ்டிக் அரிசி, விளக்கெண்ணெய் தவிர வேறு கேள்வி இருந்தால் நாளைக்குக் கேளுங்கள். கடை சாத்தும் நேரம்.