மே மாதம் சம்பளம் இல்லை, அடகுக் கடையில் நகை: என்ன செய்வது?

கேள்வி: நான் அரசு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000 ரூபாய், அதுவும் 11 மாதத்துக்குத்தான். மே மாதம் கல்லூரி மூடியிருப்பதால் சம்பளம் கிடையாது. கணவருக்குத் தனியார் வேலை, 18,000 வருகிறது. மூன்று வருடமாக மே மாதத்தை நகையை அடகு வைத்துத்தான் ஓட்டுகிறோம். முதலில் 40,000, அடுத்த வருடம் 45,000, போன மே மாதம் 75,000. தனியார் நிதி நிறுவனத்தில் இப்போது மொத்தம் 1,60,000 நிற்கிறது, 18% வட்டி. போன வருடம் வாங்கியதில் 50,000 கொழுந்தனார் கடை வைக்கக் கேட்டதால் கொடுத்தது. அடகில் இருப்பது வளையல் உட்பட 6 பவுன். நகைச் சீட்டும் மாதம் 3,000 கட்டுகிறேன், 8 தவணை முடிந்தது. எடுக்காத தற்செயல் விடுப்புக்குப் பணம் வாங்க முடியுமா? நகை மதிப்பில் 85% வரை கடன் தருகிறார்களாமே, இந்த மே மாதத்துக்கும் அதே நகைக்கு மேல் கடன் வாங்கலாமா? தோழி மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் எஸ்ஐபி போடச் சொல்கிறாள்.

பதில்: விடுப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். தற்செயல் விடுப்பை யாருக்கும் காசாக்கித் தருவதில்லை. ஸ்டாஃப் ரூமில் சரண்டர், சரண்டர் என்று பேசிக்கொள்வது நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் ஈட்டிய விடுப்பைக் கொடுத்துப் பணம் வாங்குவதைப் பற்றி. தொகுப்பூதியத்தில் இருக்கும் உங்களுக்கு அந்தக் கதவு கிடையாது. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019-லேயே சொல்லிவிட்டது. அந்தச் சம்பளம் வரும்போது வரட்டும், வீட்டுக் கணக்கில் இப்போதே சேர்க்காதீர்கள்.

இனி உங்கள் கணக்கு. 1,60,000-க்கு 18% என்றால் வருடத்துக்கு 28,800 ரூபாய் வட்டி. உங்கள் மாதச் சம்பளமே 25,000தான். ஒரு மாதச் சம்பளம் இல்லாத குறையைச் சமாளிக்க வாங்கிய கடன், இப்போது இன்னொரு மாதச் சம்பளத்தையும் சேர்த்து விழுங்குகிறது. 11 மாதச் சம்பளக்காரரான நீங்கள் 10 மாதச் சம்பளக்காரர் ஆகிவிட்டீர்கள்!

இது எப்படி நடந்தது என்று ரசீதை எடுத்துப் பாருங்கள், தேதியிலேயே தெரியும். மே மாதம் வைத்த ஒரு வருட நகைக் கடன் அடுத்த மே மாதம்தான் முடியும், அதாவது உங்கள் கையில் காசே இல்லாத மாதத்தில். அப்புறம் எப்படி மீட்பது? வட்டியை மட்டும் எப்படியோ புரட்டிக் கட்டி, திருப்பி வைத்து, பவுன் விலை ஏறியிருக்கிறதே என்று மேல் கடனும் வாங்கி வந்திருப்பீர்கள். விலை ஏற ஏற உங்கள் நகை வளரவில்லை, கடன்தான் வளர்ந்திருக்கிறது.

85% என்பது ரிசர்வ் வங்கியின் புது விதி. இரண்டரை லட்சத்துக்கு உட்பட்ட கடனுக்கு, 2026 ஏப்ரல் முதல். வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால் வட்டியும் அந்த 85-க்குள் அடங்க வேண்டும், சேர்ந்த வட்டியைக் கட்டாமல் புதுப்பிக்கவும் முடியாது. நிறுவனம் எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பதற்கான எல்லை அது. உங்களால் எவ்வளவு திருப்பிக் கட்ட முடியும் என்று அதில் யாரும் பார்ப்பதில்லை. மேல் கடன் வேண்டாம்.

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது நகைச் சீட்டைப் பார்த்துத்தான். ஒரு கையால் 18% வட்டிக்கு நகையை உள்ளே வைக்கிறீர்கள், இன்னொரு கையால் மாதம் 3,000 கட்டி நகை வாங்குகிறீர்கள். அந்த நகையும் ஏதாவது ஒரு மே மாதம் அதே கவுண்டருக்குத்தான் போகப்போகிறது. கடைக்காரர் முன்பணமாக வாங்கும் தொகையை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட்டால் அது டெபாசிட் கணக்கில் வராது. சீட்டு 11 மாதத்தோடு நிற்பதற்கு அதுதான் காரணம். முடிவில் உங்களுக்குக் கிடைப்பது நகை, பணம் கிடையாது. அதிலும் 3% ஜிஎஸ்டி, திட்டத்தைப் பொறுத்து செய்கூலி, சேதாரம். அடகு வைக்கும்போது இதில் எதற்கும் மதிப்பில்லை, கல்லைக் கழித்துவிட்டுத் தங்கத்தின் எடையை மட்டும் பார்ப்பார்கள்.

அந்த 3,000-ஐ 11 மாதம் வங்கியில் போட்டிருந்தால் 33,000. மே மாதச் சம்பளம் போக 8,000 மிச்சம் இருந்திருக்கும்.

மீதி 3 தவணையைக் கட்டி முடித்துவிடுங்கள், 24,000-ஐ அங்கே விட்டுவிட்டு வர முடியாது. கடைக்காரர் சம்மதித்தால் நகைக்குப் பதில் தங்கக் காசாக வாங்குங்கள். அடுத்த சீட்டில் சேர வேண்டாம்.

கடனைப் பொறுத்தவரை, என் யோசனை உங்களுக்குப் பிடிக்காது. ஒரு ஜோடி வளையலை விற்றுவிடுங்கள். இன்றைய விலையில் 2 பவுன் போனாலே கடன் பெரும்பாலும் அடைந்துவிடும், 4 பவுன் வீட்டுக்கு வந்துவிடும். "விலை ஏறிக்கொண்டிருக்கும்போது விற்பதா?" என்று வீட்டில் கேட்பார்கள். மீதி 4 பவுனும் ஏறத்தானே போகிறது? அதற்காவது வட்டி கட்ட வேண்டியதில்லை. விற்க மனமே வரவில்லை என்றால், வேறு இடத்து நகைக் கடனை எடுத்துக்கொள்ளும் வங்கிகள் உண்டு, விசாரியுங்கள். 10% என்றே வைத்துக்கொண்டாலும் வட்டி 16,000 ஆகக் குறையும். ஆனால் மாதத் தவணையாகக் கேளுங்கள். மறுபடியும் மே மாதத்தில் முடிகிற கடனில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கொழுந்தனார் வாங்கிய 50,000-க்கு வருடம் 9,000 வட்டியை நீங்கள்தான் சுமக்கிறீர்கள். அசலை உடனே கேட்டால் வீட்டில் சண்டைதான் வரும். மாதம் 750 ரூபாய் வட்டியை மட்டுமாவது கட்டச் சொல்லுங்கள், அதையும் உங்கள் கணவர் சொல்லட்டும். ரசீதைக் காட்டிப் பேசினால் போதும். "அண்ணி, நகை சும்மாதானே இருக்கு" என்று அடுத்த முறை ஆரம்பித்தால், அது விற்றுப்போய்விட்டது என்று சொல்வதற்கு ஒரு ஜோடி வளையலாவது உதவும்.

எஸ்ஐபி நல்லதுதான், உங்களுக்கு இப்போது இல்லை. 18% வட்டி கட்டிக்கொண்டு பங்குச் சந்தையில் சேமிப்பதில் அர்த்தமில்லை. மே மாதம் சந்தை விழுந்து கிடந்தாலும் உங்களுக்கு அரிசி வாங்கியாக வேண்டும்.

25,000-ஐ 11-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 22,900 சொச்சம். அதுதான் உங்கள் உண்மையான சம்பளம். மாதாமாதம் 2,100 எடுத்து வைத்தால் மே மாதம் சரியாகிவிடும். ஜூன் சம்பளம் தாமதமாக வரலாம், வைகாசியில் முகூர்த்தம், மொய், அப்புறம் பள்ளிக் கட்டணம் எல்லாம் இருப்பதால் நான் 3,500 என்பேன். 11 மாதத்தில் 38,500. ஏடிஎம் கார்டு வாங்காத ஒரு தனிச் சேமிப்புக் கணக்கு போதும். தபால் நிலையத்தில் மாதாமாதம் கட்டும் ஆர்டி வேண்டாம், அது 5 வருடத் திட்டம். விடைத்தாள் திருத்திய பணத்தை மே மாதச் செலவுக்கு நம்பாதீர்கள். அது எப்போது வருகிறதோ அப்போது அப்படியே அடகுக் கடன் அசலில் கட்டுங்கள்.