ரோஜா நிற ஓடும் நீலச் சல்லடையும்

கேள்வி: கடலடியிலிருந்து எடுத்த சேற்றைப் பார்த்து, ‘இது நாலு கோடி வருஷத்துக்கு முந்தையது’ என்கிறார்கள். சேற்றில் தேதி போட்டிருக்கிறதா என்ன?
– வாசகி, தூத்துக்குடி

தேதி இல்லை. ஆனால் அந்தச் சேற்றில் யார் யார் செத்துக் கிடக்கிறார்கள் என்று பார்க்கலாம். என் வேலைக்காலம் முழுக்க நான் செய்தது அதைத்தான்.

கடலின் மேல்மட்டத்தில் மிதந்து வாழும் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச்செல் உயிர் தனக்குச் சுண்ணாம்பில் ஓடு கட்டிக்கொள்ளும். பெரும்பாலானவை ரவையைவிடப் பொடி. செத்ததும் ஓடு கீழே இறங்கிச் சேற்றோடு சேர்ந்துவிடும். ஒரு இனம் ஒரு காலத்தில் தோன்றும், கொஞ்ச காலம் கடலெங்கும் பரவும், அப்புறம் அடியோடு அற்றுப்போகும். அற்றுப்போனது திரும்பி வருவதில்லை. எங்களுக்கு அது போதும்.

குளோபிஜெரினாய்டஸ் ரூபர் என்ற இனத்தில் ரோஜா நிற ஓடு கொண்ட வகை ஒன்று உண்டு. அட்லாண்டிக்கில் இன்றும் மிதக்கிறது. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்டது. ஆகவே நம் பக்கத்துக் கடலடிச் சேற்றை மேலிருந்து கீழாக அலசிக்கொண்டே போகும்போது, ரோஜா நிறம் முதன்முதலாகக் கண்ணில் படும் இடத்தில் ஒரு கோடு போட்டுவிடலாம்.

இதைவிடப் பொடிசான டிஸ்கோஆஸ்டர் என்பது அற்றுப்போன ஒரு மிதக்கும் பாசி விட்டுப்போன நட்சத்திர வடிவச் சுண்ணாம்புத் துணுக்கு. பல் குத்தும் குச்சியின் நுனியில் துளி சேற்றை எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் தெரிந்துவிடும். நட்சத்திரம் இருந்தால் சேற்றுக்கு 19 லட்சம் வயதாவது ஆகியிருக்கும்; அதற்குப் பிறகு அது இல்லை.

கேள்வி: ஓட்டை வைத்து மண்ணுக்கு வயது; மண்ணை வைத்து ஓட்டுக்கு வயது. சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறதே?
– கல்லூரி மாணவர், திருச்சி

நல்ல கேள்வி. நானும் மாணவனாக இருந்தபோது இதைக் கேட்டு முறைப்பு வாங்கியிருக்கிறேன்.

ஓடுகள் தாமாகச் சொல்வது வரிசையை மட்டும்தான்: எது முந்தி, எது பிந்தி. ஆண்டுக் கணக்கு வேறு இடத்திலிருந்து வருகிறது. சேற்றின் நடுவே எரிமலைச் சாம்பல் படிந்திருந்தால் அதில் காலப்போக்கில் சேர்ந்த ஆர்கான் வாயுவை அளந்து வயதைச் சொல்லலாம். பூமியின் காந்தப்புலம் தலைகீழாகத் திரும்பிய தடமும் சேற்றில் பதிந்திருக்கும். கடைசியாகத் திரும்பியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்.

இந்தக் கணக்குக்கு 1968 டிசம்பரில் ஒரு பெரிய பரீட்சை வந்தது. குளோமர் சேலஞ்சர் என்ற துளையிடும் கப்பல் டாக்காரிலிருந்து ரியோ டி ஜெனிரோவுக்குப் போகும் வழியில் தென் அட்லாண்டிக்கில் வரிசையாகத் துளை போட்டது. கடலின் நடுவே ஓடும் மலைத்தொடரில் தரை பிளந்து இரு பக்கமும் நகர்கிறது என்று அப்போது ஒரு கட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அது உண்மையானால், தொடரிலிருந்து விலக விலக, அடிப்பாறையை ஒட்டிய முதல் சேறு பழசாகிக்கொண்டே போக வேண்டும்.

போனது. சுமார் 200 கிலோமீட்டரில் அடிச்சேற்றின் ஓடுகள் 1.1 கோடி ஆண்டு என்றன. 400 தாண்டியதும் 2.4 கோடி. ஆயிரத்தில் 4.9 கோடி. 1,300-இல் 6.7 கோடி. வகுத்துப் பாருங்கள், ஒரு பக்கத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். காந்தப்புலம் திரும்பத் திரும்பக் கடல்தரைப் பாறையில் பதிந்த காந்தப் பட்டைகளை வைத்து முன்கூட்டியே கணித்திருந்த வயதுகளும் இதையொட்டியே இருந்தன. ஓடு பொறுக்குகிறவர்களும் காந்தம் அளக்கிறவர்களும் தனித்தனியாகப் போட்ட கணக்கு, தம்பி. இதில் வட்டம் எங்கே இருக்கிறது?

கேள்வி: இதில் தப்பே வராதா?
– வாசகர், காரைக்கால்

வராமல் என்ன? நாலரை, ஐந்து கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே சுண்ணாம்பு ஓடு கரைந்தே போகும். அங்கே சிலிக்கா ஓடுள்ள ரேடியோலேரியாவைத் தேட வேண்டும். எண்ணெய்க் கிணற்றில் மேலடுக்குத் துணுக்கு கீழே உதிர்ந்து கலக்கும்.

என் தப்பு இதைவிட அற்பமானது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் காவிரிப் படுகைக் கிணற்று மாதிரி ஒன்று வந்தது. கழுவி, சலித்து, கறுப்புத் தட்டில் பரப்பி, தூரிகை நுனியை நாக்கில் நனைத்து ஒவ்வொன்றாக ஓடு பொறுக்கினேன். நடுவே மயோசீன் காலத்து (சுமார் 50 லட்சம் முதல் 2.3 கோடி ஆண்டுக்கு முந்தைய) ஓடு மூன்று. வயதை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மேலதிகாரி அறிக்கையைப் படிக்கவே இல்லை. “சல்லடையை நீலத்தில் முக்கினீரா?” என்று மட்டும் கேட்டார்.

முக்கவில்லை. ஒவ்வொரு மாதிரிக்குப் பின்னும் சல்லடையை மெத்திலீன் நீலச் சாயத்தில் தோய்க்க வேண்டும். வலைக்கண்ணில் பழைய ஓடு ஒட்டியிருந்தால் நீலமாகிவிடும். அடுத்த மாதிரியில் நீலமாக வருவது அசலூர்க்காரன் என்று தள்ளிவிடலாம். என் மூன்று ஓடுகளும் முந்தின நாள் மாதிரியின் மிச்சம். மறுபடி கழுவிப் பார்த்தால் சேறு கிரெட்டேசியஸ், அதாவது டைனோசர் காலத்தது. ஐந்து கோடி ஆண்டுக்கு மேல் குறைத்து எழுதியிருந்தேன்.